பதினோரு தடவை மாத்துன பேரு

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேணாம், அது கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நீங்கதானே மெட்ராஸ்ல இருந்து வாரீக? அஞ்சு மாவட்டத்துக்கும் சேர்த்து, ஸ்லேட்டு மாதிரி இருக்கே இந்த டேப்பு, இதுக்குள்ள தாய்மாரைப் பதிய ஒண்ணைப் போட்டுக் குடுத்தீகளே, அந்த ஆபீஸ்? டாக்டர் காலையில போன் பண்ணிச் சொல்லிட்டாரு. "தனபாக்கியம், விசாரிக்க ஒரு மேடம் வாராங்க, பதனமா, பார்த்துப் பேசு"ன்னு. எனக்கு எதுக்குப் பதனம்? முப்பத்தோரு வருசம் இந்த வெள்ளாம்பட்டி சப் சென்டர்ல நர்சு வேலை பார்க்குறேன். ரிட்டையர் ஆக இன்னும் ஏழு மாசம். ஒளிச்சு வைக்க என்கிட்ட ஒண்ணும் கிடையாது.

நீங்க எதுக்கு வந்திருக்கீகன்னும் தெரியும். அந்தப் பிள்ளைத்தாச்சி பூமயில் செத்ததை எந்த ஏரியாவுல எழுதுறதுன்னு உங்க கம்ப்யூட்டருக்கு விளங்கலை. வெள்ளாம்பட்டியா, கீழப்பொட்டலா. என் பேர்லயா, கீழப்பொட்டல் நர்சு அந்தக் கற்பகவல்லி பேர்லயா. பிரசவத்துல ஒரு தாய் செத்தா அது யாராச்சும் ஒரு நர்சு பேர்ல ஏறணும். ஏறுனவ கலெக்டர் முன்னாடி போய் நிக்கணும், மெமோ வாங்கணும், ரிட்டையர்மென்ட் அன்னைக்கு மாலைக்குப் பதிலா விசாரணைக் காயிதத்தைக் கையில வாங்கிட்டு வீட்டுக்குப் போகணும். முதல்லயே சொல்லிர்றேன் மேடம். என் பேர்ல ஏத்த விடமாட்டேன். அது அவ கேஸு. எழுதிக்கங்க. எழுதலையா? சரி, கேட்டுட்டே எழுதுங்க.

வர்ற வழியில ஒரு பெரிய கண்மாய் பார்த்தீகளா? தண்ணி கிடையாது, பூராம் சீமைக்கருவேலம். அந்தக் கண்மாய்க்குக் கிழக்க இருந்து எண்ணுனா அஞ்சு மடை. மூணாவது மடைக்குக் கிழக்க என் ஏரியா, மேக்க அவ ஏரியா. இது நான் போட்ட கோடு இல்லை, அந்தக் காலத்துலயே போட்டது. கண்மாய்க்குள்ள யாரு குடியிருக்கப் போறாகன்னு எவனோ ஸ்கேலை வச்சு இழுத்துட்டான். ஆனா தை மாசம் தண்ணி வத்துனதும் கரிமூட்டம் போடுறவுக வந்துருவாக. கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மேல மண்ணைப் பூசித் தீ வச்சு, கரியாக்கி மூட்டை கட்டி லாரியில ஏத்துற சனம். தார்ப்பாயில ஒரு கூடாரம். கிட்டக்க இருக்குற மரம் தீர்ந்துச்சுன்னா கூடாரத்தைச் சுருட்டிட்டு இன்னும் கொஞ்சம் மேக்க போயிருவாக.

அப்படி வந்தவதான் பூமயில். புருசன் பேரு தவசி. ரெண்டு பேருக்கும் வயசு இருவதைத் தாண்டியிருக்காது. தை கடைசியில வந்தாக, அப்ப அவளுக்கு அஞ்சு மாசம். முதல்ல போய்ப் பார்த்தது யாரு? நான். ஊசி போட்டது யாரு? நான். பிரஷர் பார்த்து, ரத்தம் பார்த்து, சத்து மாத்திரை குடுத்து, டேப்புல பதிஞ்சு, அட்டை போட்டுக் கையில குடுத்தது யாரு? நான்தான். பிரஷர் நூத்திப்பத்துக்கு எழுவது. அச்சடிச்ச மாதிரி நல்லா இருந்துச்சு. அன்னைக்குக் கூடாரம் ரெண்டாவது மடைக்கும் மூணாவது மடைக்கும் நடுவுல இருந்துச்சு. என் எல்லை. அதனால பார்த்தேன். கடமையில நான் ஒரு நாளும் குறை வச்சதில்லை.

மாசியில கூடாரம் நகர்ந்துருச்சு. அந்த வாரம் எனக்குப் போலியோ வேலை, அடுத்த வாரம் மெட்ராஸ்ல இருந்து யாரோ பார்வையிட வாராகன்னு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. உங்க ஆபீஸ் ஆளுகதான் அதுவும். பூமயிலைப் பார்க்கப் போகலை. ஒரு மாசம் பார்க்கலைன்னா உங்க டேப்பு என்ன செய்யும்? அந்தப் பேரைச் சிவப்பாக்கிரும். இது உங்களுக்குச் சாதாரணம். மெட்ராஸ்ல ஏசியில உக்காந்து சிவப்பு, பச்சைன்னு கலர் குடுத்துட்டீக. அந்தச் சிவப்பு இங்க என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியுமா?

மாசாமாசம் கடைசி வியாழக்கிழமை மீட்டிங். பெரிய திரையில எல்லா சப் சென்டரையும் போடுவாக. எவ பேர்ல சிவப்பு இருக்கோ அவ எந்திரிச்சு நிக்கணும். டாக்டர் அடுத்த ஊருக்குப் போவாரு, அதுக்கு அடுத்த ஊருக்குப் போவாரு, நின்னவ நின்னபடியே நிக்கணும். உக்காருன்னு யாரும் சொல்ல மாட்டாக. அம்பத்தொம்பது வயசு, ரெண்டு முழங்காலும் தேஞ்சுபோச்சு, நாப்பது நிமிசம் நின்னேன் மேடம். எனக்குப் பேறுகாலம் பார்க்கச் சொல்லிக் குடுத்த காலத்துல அந்த டாக்டர் பள்ளிக்கூடத்துல டவுசர் போட்டுட்டுத் திரிஞ்சிருப்பான். அவன் முன்னாடி நின்னேன். எனக்கு எதிர் வரிசையில கற்பகவல்லி உக்காந்திருந்தா. அவ பேரு பூராம் பச்சை. உதட்டை மடிச்சுக்கிட்டு அவ டேப்பைப் பார்த்துச் சிரிச்சா. எனக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு? ஒரே பேட்சுல படிச்சு, ஒரே ரூம்ல ரெண்டு வருசம் படுத்துக் கிடந்தவ. அவ எதுக்குச் சிரிப்பா, எதுக்கு அழுவான்னு எனக்கு அத்துபடி.

அவளுக்கு எப்படி எல்லாம் பச்சைன்னு யோசிச்சேன். அவ ஏரியாவுலயும் கரிமூட்டம் இருக்கு, செங்கல் சூளை இருக்கு, பொங்கலுக்குத் திருப்பூர் போனவக இருக்காக. பார்க்காம விட்ட ஆளு ஒண்ணுகூட இல்லையா? அப்புறந்தான் டேட்டா என்ட்ரி பண்ற புள்ள சொல்லுச்சு. "அதுல ஒரு பட்டன் இருக்கு சிஸ்டர். வேறு பகுதிக்கு மாற்றுன்னு. அதை அமுக்குனா நம்ம லிஸ்ட்ல இருந்து போயிரும்"னு. அட! மூணு வருசமா என் பக்கத்துக்கு வந்து விழுந்த சூளைக்காரி பேரெல்லாம் அப்படித்தான் வந்துச்சா? அவ தள்ளிவிட்டது. வெக்கங்கெட்டவ. அந்தப் பச்சையைக் காட்டித்தான், எனக்கு இந்தப் பட்டன் தெரியிறதுக்கு முந்தியே, குடியரசு தினத்துக்குக் கலெக்டர் கையால ஷீல்டு வாங்குனா. அன்னையில இருந்து அவளோட நான் பேச்சு வார்த்தை கிடையாது. ரெண்டு வருசமாச்சு. மீட்டிங்ல பக்கத்துச் சேர் காலியா இருந்தாக்கூட நான் போய் உக்கார்றதில்லை.

நீங்க ட்ரெயினிங்ல என்ன சொன்னீக? நீங்க இல்லையா, உங்க மாதிரி ஒரு தம்பி வந்துச்சு. "இனிமே அஞ்சு மாவட்டமும் ஒண்ணு. ஒரு தாய் எங்க போனாலும் அவங்க விவரம் பின்னாடியே போகும். எந்த ஆஸ்பத்திரியில பேரைத் தட்டினாலும் வந்துரும். யாரும் விட்டுப்போக மாட்டாங்க"ன்னு. கை தட்டுனோம். நானும்தான் தட்டுனேன். நல்ல விசயம்தானே? நோட்டுப் புத்தகக் காலத்துல ஊர் மாறிப் போனவளைத் தேடி நாய்படாத பாடு பட்டிருக்கோம். ஆனா பூமயில் விசயத்துல என்ன நடந்துச்சு? விவரம் மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் போச்சு. அவ போகலை. அவ அந்தக் கண்மாய்க்குள்ளயேதான் கரி அள்ளிக்கிட்டு இருந்தா.

ஆமா, நான்தான் முதல்ல மாத்துனேன். இல்லைன்னா சொன்னேன்? மாசி கடைசியில, கூடாரம் மூணாவது மடையைத் தாண்டிருச்சுன்னு தெரிஞ்சதும் மாத்துனேன். அது சட்டப்படி சரி. எல்லையைத் தாண்டுனா மாத்தணும்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு. ஏத்துக்க மூணு நாள் கெடு. இவ என்ன செஞ்சா தெரியுமா? ரெண்டாவது நாள் திருப்பிவிட்டா. காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல எழுதுறா, "இவர் வெள்ளாம்பட்டியில் பதிவு செய்தவர்"னு. நான் விடுவேனா? "தற்போது கீழப்பொட்டல் எல்லையில் உள்ளார்"னு எழுதி மறுபடி அனுப்புனேன். அவ, "நேரில் பார்க்கையில் ஆள் இல்லை"ன்னு எழுதித் திருப்புனா. நேர்ல பார்த்தாளாம்! எங்கிட்டுப் பார்த்தா? ரோட்டுல பஸ்ல போகையில ஜன்னல் வழியாப் பார்த்திருப்பா.

பங்குனி பூராம் இதே கூத்து. மீட்டிங்குக்கு முந்தின வாரம்தான் சூடு பிடிக்கும். வியாழக்கிழமை காலையில எவ கையில பேரு இருக்கோ அவதானே நிக்கணும்? புதன்கிழமை சாயங்காலம் அனுப்புனா வியாழக்கிழமை மீட்டிங் முடியுற வரைக்கும் அது நடுவுல தொங்கும். யாரு பேர்லயும் சிவப்பு வராது. இதை முதல்ல கண்டுபிடிச்சவ அவ. நான் அவகிட்ட இருந்து கத்துக்கிட்டேன், அம்புட்டுதான். பதினோரு தடவைன்னு உங்க கையில இருக்குற காயிதத்துல போட்டிருக்காமே. நான் ஆறு, அவ அஞ்சு. ஒண்ணு கூடன்னு என்னைக் குத்தம் சொல்லாதீக. ஆரம்பிச்சவளுக்கு ஒண்ணு கூடத்தானே வரும்?

நடுவுல யாராச்சும் போய்ப் பார்த்தமான்னு கேக்குறீகளா? நான் போனேன். இதை நல்லா எழுதுங்க. அவ போகலை, நான் போனேன். சித்திரை பாதியில, மீட்டிங்குக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. பேரு என் கையில வந்து விழுந்திருந்துச்சு. சரி, சனியன், போய் ஒரு தடவை பிரஷரைப் பார்த்துப் பதிஞ்சுட்டு வந்துருவோம்னு மெஷினைப் பையில போட்டுக்கிட்டு ஸ்கூட்டியில போனேன். கரை மேல நிறுத்திட்டுப் பார்த்தேன். கூடாரம் எங்கிட்டு இருக்கு? மூணாவது மடைக்கு அங்கிட்டு. ஒரு கல்லெறி தூரம்கூட இருக்காது, ஆனா அங்கிட்டுதான். பூமயில் வாசல்ல காலை நீட்டி உக்காந்திருந்தா. என்னைப் பார்த்துட்டுக் கையைக்கூட ஆட்டுனா. காலு ரெண்டும் வீங்கி உரலு மாதிரி இருந்துச்சு. முகமும் உப்பியிருந்துச்சு. கரையில இருந்தே நல்லாத் தெரிஞ்சுச்சு எனக்கு. முப்பத்தோரு வருசக் கண்ணும்மா இது, தப்பாது.

இறங்கலை. எப்படி இறங்குறது? உங்க டேப்பு இருக்கே, அதுல பிரஷரைப் பதியும்போது நிக்கிற இடத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்குது. நான் அங்கிட்டுப் போய்ப் பதிஞ்சேன்னா, "எங்கள் எல்லையில் வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், எனவே இது உங்கள் கேஸ்"னு எழுதிருவா கற்பகவல்லி. தொட்டா ஒட்டிக்கும். அதனால தொடலை. ஆனா சும்மாவும் வரலை. கரை மேல சிக்னல் நல்லா இருந்துச்சு. வண்டியில உக்காந்தபடியே, ஒரு நிமிசம் தாமதிக்காம, அங்கேயே மாத்தி அனுப்புனேன். காரணத்துல கால் வீக்கம்னும் போட்டேன். "எல்லை தாண்டியுள்ளார், கால் வீக்கம், உடனே கவனிக்கவும்." போய்ப் பாருங்க, இருக்கும். எத்தனை நர்சு அப்படி எழுதுவா? பொறுப்பா எழுதுனேன்.

என்ன அப்படிப் பார்க்குறீக? நான் எழுதுனதைப் பார்த்துட்டு அவ ஓடியிருக்கணுமா இல்லையா? அவ பார்க்கலையாம். அவகிட்ட வர்ற மாத்தம் எல்லாத்தையும் மீட்டிங் முடிஞ்சு மொத்தமாத்தான் திறந்து பார்ப்பாளாம். அப்படி அவளே சொன்னாளாம். இது ஒரு பேச்சா?

வியாழக்கிழமை காலையில தவசி இங்க வந்தான். சைக்கிள்ல. கீழப்பொட்டல் நர்சு யாருன்னே அவனுக்குத் தெரியாது. அட்டையில என் பேருதானே இருக்கு? இதே வாசல்ல நின்னான், கரி அப்புன மூஞ்சியோட. "நர்சம்மா, ராத்திரியில இருந்து தலைவலி தாங்கலைங்குறா. கண்ணு மங்கலாத் தெரியுதுங்குறா. வாந்தி எடுத்தா. கொஞ்சம் வாரீகளா"ன்னான். எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. எட்டாம் மாசம், கால் வீக்கம், தலைவலி, கண்ணு மங்கல். அடுத்தது வலிப்பு. இதைப் புத்தகத்தைப் பார்த்தா தெரிஞ்சுக்கணும்? நான் எத்தனை பேரை அந்த நெலைமையில தூக்கிட்டு ஓடியிருக்கேன் தெரியுமா? ரோடு இல்லாத காலத்துல கட்டில்ல போட்டுத் தூக்கிட்டுப் போயிருக்கேன். அப்ப எல்லை எங்க இருந்துச்சு? யாரு முதல்ல பார்த்தமோ அவ தூக்குவோம், அப்புறம் பேசிக்குவோம். கற்பகவல்லி ஆளை நான் தூக்கியிருக்கேன், என் ஆளை அவ தூக்கியிருக்கா.

புரிஞ்சதுனாலதான் அவனை நிக்க விடாம விரட்டுனேன். "இங்க நின்னுக்கிட்டு இருக்காத, நேரமில்லை, கீழப்பொட்டலுக்கு ஓடு, மஞ்சள் கட்டடம், பால் சொசைட்டிக்கு அடுத்தது, கற்பகவல்லின்னு கேளு"ன்னு வழி சொல்லி அனுப்புனேன். நாலு கிலோமீட்டர். நான் கூடப் போயிருக்கலாம்லன்னு கேக்குறீகளா? எப்படிப் போறது? பதினொரு மணிக்கு மீட்டிங். அந்த மாச விவரம் பாதி ஏத்தாமக் கிடக்கு. உங்க சர்வர் காலையில ஒரு மணி நேரம்தான் ஓடுது, அப்புறம் சுத்திக்கிட்டே கிடக்கும். அதை முதல்ல சரி பண்ணிட்டு வந்து என்னைக் கேளுங்க. நூத்தியெட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டேனான்னா? அவனே பண்ணுவான்னு நினைச்சேன். போன் வச்சிருந்தான். இல்லை, வச்சிருந்தானான்னு சரியா ஞாபகம் இல்லை. இந்தா பாருங்க, நடுவுல நடுவுல கேள்வி கேக்காதீக. எனக்குக் கோர்வை விட்டுப்போகுது.

கற்பகவல்லி போனா. அவளும் மீட்டிங்குக்குக் கிளம்பிப் பட்டுச்சேலை கட்டிட்டு நின்னவதான். அந்த மாசமும் எல்லாம் பச்சையாம், பாராட்டுவாகன்னு சேலை. எவனோ ஒருத்தன் பைக்ல பின்னாடி ஏறிக் கண்மாய்க்குள்ள போயிருக்கா. பிரஷர் நூத்தியெம்பதுக்கு நூத்திருவது. இவ பட்டையைச் சுத்திக்கிட்டு இருக்கும்போதே வலிப்பு வந்துருச்சு. ஊசியைப் போட்டு, நாக்கைக் கடிக்காம வாயில துணியைக் குடுத்து, நூத்தியெட்டை வரவழைச்சு அவளும் உள்ள ஏறிட்டா. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா அந்த நூத்தியெட்டு டிரைவர் எங்க ஊர்க்காரன். வழியில ரெண்டு தடவை வலிப்பு வந்துச்சாம். இவ பூமயில் தலையை மடியில வச்சுக்கிட்டு, "கண்ணைத் திற தாயி, நர்சம்மா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே வந்தாளாம். "எந்த நர்சம்மா, வெள்ளாம்பட்டி நர்சம்மாவா?"ன்னு அந்தப் புள்ள கேட்டுச்சாம்.

அதுக்கு இவ ஆமான்னு சொன்னாளாம்.

தண்ணி அந்தப் பானையில இருக்கு, மொண்டு குடிங்க. எனக்கு வேணாம்.

பெரியாஸ்பத்திரியில போய்ப் பேரைத் தட்டியிருக்காக. உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லிச்சு தெரியுமா? "மாற்றம் நிலுவையில் உள்ளது." ரத்தம் என்ன குரூப்பு, முந்தின பிரஷர் என்ன, ஒண்ணும் திறக்கலை. யாராச்சும் ஒருத்தி ஏத்துக்கிட்டாத்தான் திறக்குமாம். இதை எந்த மகராசன் யோசிச்சு வச்சான்? நீங்களா? நீங்கதானா! நல்லா இருக்கும்மா. நல்லா இருக்கு. வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுத்தாக. பொம்பளைப் பிள்ளை. தாய் ரெண்டாவது நாள் போயிட்டா. கற்பகவல்லி மூணு நாள் அங்கேயே இருந்தாளாம், அதே சேலையோட.

இப்ப கேளுங்க என் நியாயத்தை. அவ ஏரியா இல்லைன்னா அவ எதுக்கு நூத்தியெட்டுல ஏறுனா? ஏறுனாள்ல? அப்ப அது அவ கேஸுன்னு அவளே ஒத்துக்கிட்ட மாதிரிதானே? எவளாச்சும் அடுத்தவ கேஸுக்கு ஏறுவாளா? இது ஒரு பாயின்ட். மடைக்கு அங்கிட்டு, இது ரெண்டாவது பாயின்ட். இந்த ரெண்டை எழுதிக்கிட்டுப் போனீகன்னா வேலை முடிஞ்சுச்சு.

என்னது? அவ எழுதிக் குடுத்துட்டாளா? என்னன்னு? குடுங்க பார்ப்போம். "நாங்கள் இருவரும் அந்தப் பெண்ணை..." இந்த எழுத்தைப் பாருங்க, இன்னும் அதே கோழிக்கிறுக்கல். "நாங்கள் இருவரும் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்." நாங்கள் யாரு நாங்கள்? என்னை எதுக்கு இழுக்குறா? அவ நல்லவ ஆகணும்னா தனியா ஆகட்டும். நான் பார்க்கலையா? கரையில நின்னு பார்த்தேன்ல? கால் வீக்கம்னு எழுதுனேன்ல? எகத்தாளத்தைப் பாருங்க! மூணு நாள் ஆஸ்பத்திரியில உக்காந்துட்டா மகாத்மா ஆயிருவாளா? இந்தாங்க பிடிங்க உங்க காயிதத்தை.

இன்னொண்ணும் சொல்றேன். அதுக்கும் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. பிள்ளையை இருவது நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்துட்டுப் போன வாரம் அனுப்பியிருக்காக. தவசியோட அக்காக்காரி வந்து வச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போக வர பஸ்ஸுக்குத் தோதா இருக்கும்னு கூடாரத்தை ரோட்டோரம் கொண்டாந்து போட்டுட்டான். ரோட்டோரம்னா என் எல்லை. பிள்ளை பேரு என் லிஸ்ட்ல வந்து விழுந்துச்சு. வாராவாரம் எடை பார்க்கணும், ஒண்ணே முக்கால் கிலோதான் இருக்கு. எப்படித் தெரியுமா? முந்தாநாள் போய்த் தூக்குத்தராசுல போட்டுப் பார்த்தேன். பதியலை. டேப்பை வீட்டுலயே வச்சுட்டுப் போனேன். சும்மா அந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சு, போனேன். கண்ணை மூடிக்கிட்டு வாயை மட்டும் சப்புக்கொட்டுது. அக்காக்காரிக்குப் பால் கரைக்கக்கூடத் தெரியலை, சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். தவசிதான் தராசைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். ஏசியிருந்தான்னாக்கூட நல்லா இருந்திருக்கும்.

நாளைக்கு வியாழக்கிழமை. பதியலைன்னா பிள்ளை சிவப்பாகும். நான் எந்திரிச்சு நிக்கணும், எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால இன்னைக்குக் காலையில பிள்ளை பேரைக் கீழப்பொட்டலுக்கு மாத்துனேன். ஆமா, மாத்துனேன். என்ன இப்ப? அவதான் தாயோட நூத்தியெட்டுல போனவ, பிள்ளையையும் பார்க்கட்டும்னு. திருப்பி அனுப்புவா, நாளை மறுநாள் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? ஒரு நிமிசம். டீயை ஆத்தி வாயில வைக்கலை, "ஏற்கப்பட்டது"ன்னு வந்துருச்சு. மூணு நாள் கெடு இருக்கும்மா! மூணு வருசத்துல ஒரு பேரைக்கூட அவ அப்படி ஏத்துக்கிட்டதில்லை. இதுல என்னமோ சூது இருக்கு. காலையில இருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க படிச்சவக, அதுல என்ன சூதுன்னு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லுங்க.

என்ன, பெட்டியைத் திறந்துட்டீகளா?

என்ன சொல்றீக? பிள்ளையும் தாயும் சேர்ந்தே போகுமா? புரியலை, மெதுவாச் சொல்லுங்க. பிள்ளை பேரு எந்த ஏரியாவுக்குப் போகுதோ, பெத்தவ பேரும் அதுக்குப் பின்னாடியே... அப்ப பூமயிலும்? காலையில பிள்ளையை அனுப்பும்போது நான் பூமயிலையும் சேர்த்து அனுப்பிட்டேனா? எனக்கு அப்படி ஒண்ணும் கேக்கலையே டேப்பு? வாங்குறவகிட்டதான் கேக்குமா. என்ன கேக்கும்? வாசிங்க. "தாயின் இறப்புப் பதிவும் சேர்த்து உங்கள் பகுதிக்கு வரும். சம்மதமா?"

ஆமான்னு அமுக்கியிருக்காளா.

தெரிஞ்சேதானா? தெரியாம அமுக்கியிருப்பா. ரெண்டு தடவை கேக்குமா? ரெண்டு தடவையும் ஆமான்னு...

அப்ப முடிஞ்சுச்சா? உங்க விசாரணை முடிஞ்சுச்சு. பூமயில் கீழப்பொட்டல். என் பேர்ல ஒண்ணும் இல்லை. நான் கேட்டதும் அதுதானே. நீங்க பெட்டியை மூடிட்டுக் கிளம்பலாம். ஏழு மாசம் கழிச்சு மாலை போடுவாக, பொன்னாடை போத்துவாக, டாக்டர் பேசுவாரு. கற்பகவல்லியும் வருவா. கலெக்டர்கிட்ட மெமோ வாங்கிட்டு வந்து, அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எனக்கு மாலை போடுவா.

இருங்க. எங்க கிளம்புறீக? உக்காருங்கம்மா.

அவ யாரு எனக்குப் பாவம் பார்க்க? நான் அவகிட்டப் பிச்சை கேட்டேனா? அவ தயவுல நான் வேலையை முடிச்சுட்டுப் போகணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? அந்தத் தவசி யாரு வாசல்ல வந்து நின்னான்? இந்த வாசல்ல. அந்தப் புள்ள கடைசியா எந்த நர்சம்மான்னு கேட்டுச்சு? இவளா வந்து ஆமாம்பாளாம், இவளா வந்து ஏத்துக்குவாளாம். அதை நீங்க திருப்புங்க. உங்களால முடியாதா? வாங்குனவதான் திருப்பணுமா? நீங்கதானேம்மா இதை உண்டாக்குனீக, என்னத்தை உண்டாக்குனீக போங்க! நம்பர் என்கிட்ட இருக்கு. ரெண்டு வருசமா நான் அடிக்கலைங்கிறதுக்காக அழிச்சா வச்சிருப்பேன்?

ரிங் போகுது. பேசாம இருங்க.

ஏய். நான்தான் பேசுறேன். வேற எந்தத் தனபாக்கியம்? இந்தா பாரு, நீ ஒண்ணும் பேசாத, உன் நியாயத்தைக் கேக்குறதுக்கு நான் போன் போடலை. அந்தப் பிள்ளை ரோட்டோரத்துல கிடக்கு, என் எல்லையில கிடக்கு. அதை எடுக்க உனக்கு யாருடி ரைட்டு குடுத்தது? திருப்பி அனுப்பு. காரணத்துல என்னத்தையாச்சும் எழுது, அதான் நல்லா எழுதுவியே. இன்னைக்கே அனுப்பு, நாளைக்கு மீட்டிங்குக்கு முன்னாடி என் பேர்ல இருக்கணும். தெரியும்டி. இங்க மேடம் இருக்காக, எல்லாம் வாசிச்சுச் சொல்லிட்டாக. தெரிஞ்சுதான் கேக்குறேன்.

ஆமா. ரெண்டு பேரையும்தான். அனுப்பிட்டுப் போனை வை.